அடியைத் திருப்பிக் காட்டும் கடை: லிமாவில் ஸ்பானிய ஆட்சிக்கால வெள்ளிப் பேழைகள்

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில், மிராஃப்ளோரஸ் பகுதியின் லா பாஸ் அவென்யூ பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு. அங்கே ஸ்பானிய ஆட்சிக்கால வெள்ளிப் பேழைகளையும் சிமிழ்களையும் தூபக்கால்களையும் முதன்மையாக வைத்து விற்கும் ஒரு சிறிய கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. பாராட்ட நிறைய இருந்தாலும் கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்றும் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்த வகை வெள்ளியைப் பார்க்கும் எவரும் முதலில் மயங்குவது அதன் மேற்புற வேலைப்பாட்டில்தான். மாதுளம்பழமும் இரட்டைத் தலைக் கழுகும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பூமாவும் கிளியும் காந்துத்தா மலரும் ஆண்டிய மலைநாட்டுக்கு உரியவை. இவையெல்லாம் ஒரே தகட்டில் இடைவெளியே இல்லாமல் பின்னிப் பிணைந்து கிடக்கும்போது கண் அதைவிட்டு நகராது. ஆனால் போலி செய்பவர்களுக்கு மிக எளிதாகக் கைவருவதும் அந்த மேற்புறம்தான். ஒரு பேழையின் வயதும் வரலாறும் அதன் அடிப்புறத்திலும் உட்புறத்திலும் கீலிலும் பற்றவைத்த இடங்களிலுமே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே வெள்ளிக் கடையொன்றை மதிப்பிட என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றே ஒன்று: பொருளைக் கையில் கொடுத்து, திருப்பிப் பார்க்க விடுகிறார்களா, இல்லையா? இந்தக் கடையில் அதற்குக் கேட்கவே தேவையிருக்கவில்லை. உரிமையாளர் தாமாகவே பேழையைக் கவிழ்த்து வைத்து, உருப்பெருக்கி வில்லையையும் சிறு தராசையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வாடிக்கையாளரின் கண்ணை நம்பும் இந்தப் பண்பு பழம்பொருள் வணிகத்தில் அரிது.

பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள போத்தோசியின் செர்ரோ ரிக்கோ மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் வளமான தாதுவை உலையிலிட்டே உருக்கினார்கள். அது தீர்ந்துபோனபின், 1570களில் பாதரசத்தைக் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்தது. அதற்கு வேண்டிய பாதரசம் பெருவின் வாங்காவெலிகா சுரங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. அதே பத்தாண்டில் அரசப் பிரதிநிதி ஃபிரான்சிஸ்கோ தெ தொலேதோ, மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து ஆண்களை முறைவைத்துச் சுரங்கத்துக்கு அனுப்பும் மீத்தா என்ற கட்டாய உழைப்பை நிலைநிறுத்தினார். இந்தப் பேழைகளின் அழகைப் பேசும்போது அந்த உழைப்பை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கடையிலும் அதற்கு ஓர் இடம் உண்டு: சுவரில் போத்தோசி மலையின் பழைய படமொன்று மாட்டப்பட்டிருக்கிறது, கேட்பவர்களுக்கு உரிமையாளர் மீத்தாவைப் பற்றிப் பூசி மெழுகாமல் விளக்குகிறார்.

அவ்வளவு வெள்ளி தோண்டப்பட்டும் அக்காலப் பாத்திரங்களில் எஞ்சியவை குறைவே. வெள்ளிப் பாத்திரம் அன்று அலங்காரம் மட்டும் அல்ல, சேமிப்பும்கூட. பணமுடை வந்தால் உருக்கிவிடுவார்கள். பாணி பழையதாகிவிட்டால் அதே வெள்ளியைத் தட்டாரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்வார்கள். 1824இல் அயக்குச்சோ போரோடு முடிவுக்கு வந்த விடுதலைப் போர்களின்போது தேவாலய வெள்ளியும் வீட்டு வெள்ளியும் உருக்கும் உலைக்குப் போயின. இத்தனையையும் தாண்டி வந்த ஒரு பேழை கைக்குக் கிடைக்கும்போது அதை அவசரமில்லாமல் பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

கடையில் இருந்தவற்றுள் ஆகச் சிறந்தது ஒரு கோக்கேரா, அதாவது கோக்கா இலை வைக்கும் பேழை. நம் வீடுகளின் வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும். கோக்கா இலையையும் சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துத்தான் கன்னத்தில் அடக்குவார்கள். சுரங்கத் தொழிலாளிகளின் பசியையும் களைப்பையும் மறக்கடித்த அதே இலைக்கு, வசதி படைத்தவர்களின் வரவேற்பறையில் வெள்ளிப் பேழை இருந்தது. கடையில் இருப்பது நீள்வட்ட வடிவம். சிப்பியைப் போல வரி வரியாகப் புடைத்த மூடி, நான்கு நகக்கால்கள், முன்புறம் ஒரு கொண்டி. போத்தோசியையும் லா பாஸ் நகரையும் உள்ளடக்கிய மேல் பெருவில் (இன்றைய பொலிவியாவில்), 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்யப்பட்டது என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். அந்தக் கணிப்பை என்னால் முழுமனதோடு ஏற்க முடிகிறது.

ஏற்பதற்கான காரணங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். மூடியைத் திறந்து உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்தால், சுத்தியல் விழுந்த தடங்கள் சிறு சிறு குழிகளாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒழுங்கில்லாமல் தெரிகின்றன. தகட்டைக் கையால் தட்டி விரித்தவர்களுக்கே இது வரும். கடைசல் இயந்திரத்தில் சுழற்றி அமுக்கிய பாத்திரமாக இருந்தால் உட்புறத்தில் வட்ட வட்டமாக ஒரே சீரான கோடுகள் இருந்திருக்கும். விரல்களால் விளிம்பைத் தடவிக்கொண்டு போனால் தகட்டின் கனம் கூடிக் குறைவதை உணரலாம். மூடியின் வரிகளை உள்ளிருந்து புடைத்து, வெளியிலிருந்து சிற்றுளியால் திருத்தியிருக்கிறார்கள்; உளியின் முனையில் இருந்த ஒரு சிறு பழுது, ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மயிரிழை போன்ற ஒரு கீறலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே உளி, ஒரே கை. கீலின் குழல்களும் கையால் சுருட்டியவைதான். ஐந்தும் ஐந்து அளவில் இருக்கின்றன. கீலின் ஆணி மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று உரிமையாளரே சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சொல்லாவிட்டால் பலர் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது அடிப்புறத்தில் கூர்முனையால் கீறப்பட்டிருந்த ஓர் எடைக் குறிப்பு: 2 மார்க்கோ, 3 ஓன்சா. மார்க்கோ என்பது அக்கால ஸ்பானிய எடை, சுமார் 230 கிராம். எட்டு ஓன்சா சேர்ந்தால் ஒரு மார்க்கோ. ஆகப் பேழை செய்யப்பட்டபோதோ, பின்னர் சொத்துக் கணக்கு எடுக்கப்பட்டபோதோ, அதன் எடை ஏறக்குறைய 546 கிராம் இருந்திருக்கிறது. கடையின் தராசு 531 கிராம் காட்டியது. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் துலக்கித் துலக்கித் தேய்ந்ததற்கு இந்தக் குறைவு இயல்பானது. மூடியின் புடைப்புகளின் உச்சி மெலிந்து, ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளை விழுந்திருப்பதும் அதற்குச் சாட்சி. எடை கூடியிருந்தால் பிற்காலத்தில் ஏதோ சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மிக அதிகமாகக் குறைந்திருந்தால் ஒரு பகுதி போய்விட்டது அல்லது மாற்றப்பட்டுவிட்டது என்று பொருள். ஒரு பேழையின் அடியையும் இன்னொன்றின் மூடியையும் சேர்த்து ஒன்றாக்கி விற்பது இந்த வணிகத்தில் பழைய தந்திரம். அந்த ஐயத்தை, அழகுக்காக அல்லாமல் கணக்குக்காக யாரோ ஒருவர் கீறி வைத்த அந்தச் சிறு எழுத்து பெருமளவுக்குத் தீர்த்துவிடுகிறது. இதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தால் ஒருபோதும் பார்த்திருக்க முடியாது.

மூச்சுக்காற்றை ஊதிப் பார்க்கும் சோதனையையும் அங்கே செய்து பார்க்க விட்டார்கள். வெள்ளியின்மேல் மெதுவாக ஊதினால் பரப்பு ஒரு கணம் மங்கும். அந்தக் கணத்தில் பற்றாசு, அதாவது பற்றவைக்கும் உலோகம், ஓடிய கோடுகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் தனியாகத் தெரிந்துவிடும். பின்பக்கக் கால் ஒன்றைச் சுற்றி அப்படி ஒரு வளையம் தோன்றியது. வெள்ளிப் பற்றாசால் செய்த பழைய, நல்ல பழுதுபார்ப்பு. ஈயத்தால் பற்றவைத்திருந்தால் சாம்பல் நிறத்தில் அசிங்கமாகத் தடித்திருக்கும். அடுத்த முறை நெருப்பில் காட்டும்போது ஈயம் வெள்ளியையும் அரித்துவிடும்.

முத்திரை இல்லையே என்று இந்தப் பேழையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இருக்கலாம். தயங்கத் தேவையில்லை. மெக்சிகோவில், அப்போதைய புதிய ஸ்பெயினில், முத்திரை முறை ஓரளவு ஒழுங்காக நடந்தது. முடிசூடிய ‘எம்’ (M) என்ற எழுத்து நகரத்தைக் காட்டும். கழுகு முத்திரை அரசனுக்கு உரிய வரி செலுத்தப்பட்டதைக் காட்டும். மாற்று அறிந்து சொல்லும் அதிகாரியின் பெயரும், சிலவற்றில் தட்டாரின் பெயரும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்தப் பதவியில் இருந்த ஃபோர்காதாவின் பெயர்ச் சுருக்கம் மெக்சிகோ வெள்ளியில் அடிக்கடி கண்ணில் படும். மாற்றைச் சோதிக்க உளியால் சிறிது சுரண்டி எடுத்த வளைந்து நெளிந்த தடமும் அடியில் இருக்கும். ஆனால் பெருவிலும் மேல் பெருவிலும் செய்யப்பட்ட வீட்டுப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றில் எந்த முத்திரையும் இல்லை. சட்டப்படி ஐந்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டியிருந்தும் கட்டாமலே பட்டறைக்குப் போன வெள்ளி ஏராளம். ஆகவே பெரு வேலைப்பாடு என்று சொல்லப்படும் பேழையில் கூர்மையான, தேய்மானமே இல்லாத முத்திரைகள் வரிசையாக இருந்தால், எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பதிலாக ஐயமே வரும்.

இனிக் கடை சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். காட்சிப்பெட்டியின் நடுவில், வான்கோழி வடிவில் ஒரு தூபக்கால் வைத்திருக்கிறார்கள். சாவுமாதோர் என்று அங்கே அழைப்பார்கள். அரசப் பிரதிநிதிகள் காலத்து லிமாவில், பெண்கள் மெத்தைகளில் அமர்ந்து பேசும் மேடையறையைச் சுற்றி நறும்புகை போட இத்தகைய தூபக்கால்கள் இருந்தன. மான், சிங்கம், யாமா (லாமா), அர்மடில்லோ என்று விலங்கு வடிவங்களில் அவற்றைச் செய்வதில் ஆண்டியத் தட்டார்களுக்கு எல்லையில்லாத மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். இந்த வான்கோழியின் வால் முழுவதும் வெள்ளிக் கம்பி வேலை. விரித்த ஒவ்வொரு இறகிலும் சுருள் சுருளாகக் கம்பியை வளைத்து வைத்திருக்கும் நேர்த்தி வியக்க வைக்கிறது. ஆனால் அட்டையில் 18ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. கால்களைத் தட்டோடு பிணைக்கும் திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் புரிகள் இயந்திரத்தில் வெட்டியவை போல ஒரே சீராக இருந்தன. ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் அரத்தால் ராவிச் செய்த திருகுகளின் புரிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. கரி எரிந்திருக்க வேண்டிய உட்கிண்ணத்தில் வெப்பம் பட்ட நிறமாற்றமே இல்லை. அயக்குச்சோவில் கம்பி வேலை மரபு ஸ்பானியர்கள் போனபின்னும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதற்கும் பிந்தைய காலத்தையோ சேர்ந்த அழகான பொருள். அதை அப்படியே எழுதி, அதற்குரிய விலை வைத்தால் அதன் மதிப்பு எந்த வகையிலும் குறையாது. இதைச் சொன்னபோது உரிமையாளர் மறுத்துப் பேசவில்லை. பழைய உரிமையாளர் குடும்பம் சொன்னதை எழுதியதாகச் சொன்னார். குடும்பம் சொல்வது ஒரு தகவல். திருகுப் புரி சொல்வது சான்று. ஒரு கடை எழுதி வைக்க வேண்டியது பின்னதைத்தான்.

மற்றவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். மத்தே என்ற இலைப் பானத்தைக் குடிப்பதற்கான, வெள்ளி விளிம்பு கட்டிய சுரைக்குடுவைக் கிண்ணங்கள் சில இருக்கின்றன. 1712 முதல் 1714 வரை தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பயணம் செய்த ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரேசியே, அங்குள்ள பெண்கள் வெள்ளிக் குழலால் மத்தே உறிஞ்சுவதை வரைந்தே காட்டியிருக்கிறார். அந்தப் பழக்கத்தின் பொருள்கள்தான் இவை. வெள்ளி விளிம்பு பழையதாகவும் குடுவை புதியதாகவும் இருப்பது இவற்றில் இயல்பு, குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. சாக்லேட் கோப்பை நழுவாமல் நிற்கும்படி நடுவில் வளையம் வைத்த மன்செரினா தட்டு ஒன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பெருவை ஆண்ட மன்செரா பிரபுவின் பெயரால் வழங்குவது. இங்கே இருப்பது சாதாரணமான ஒன்றுதான்.

என்னை உண்மையிலேயே வருத்தியது வேறொன்று. உள்ளறையின் அலமாரியில் தேவாலயத்துக்கு உரிய நவேத்தா ஒன்று இருந்தது. சாம்பிராணி வைக்கும் படகு வடிவச் சிமிழ். அதன் அடியில் ஒரு புனிதரின் பெயரும் ஊர்ப்பெயர் போன்ற ஒரு சொல்லும் பொறிக்கப்பட்டு, ஊர்ப்பெயரின் மேல் தேய்த்து அழித்த தடமும் தெரிந்தது. எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் யாரிடம் வாங்கியது என்று கேட்டதற்குக் காட்ட எந்தத் தாளும் இல்லை. ஆண்டிய மலைக் கிராமங்களின் தேவாலயங்கள் பல பத்தாண்டுகளாகத் திருடர்களுக்கு இரையாகி வருகின்றன. ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவுக்கு எடுத்துவைத்த பாத்திரம் ஒரே இரவில் காணாமல் போய்விடுகிறது. இந்தச் சிமிழ் திருட்டுப் பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அல்ல என்று காட்டும் பொறுப்பு விற்பவருக்கு உண்டு. கீலின் ஆணி மாறியதைத் தாமாகவே சொன்ன நேர்மை, பொருளின் பூர்வீகத்தைச் சொல்வதிலும் இருந்தாக வேண்டும். தாள் இல்லாத தேவாலயப் பொருளை அலமாரியிலிருந்து எடுத்துப் பண்பாட்டு அமைச்சகத்திடம் காட்டி, பதிவேடுகளோடு ஒப்பிடச் செய்வதுதான் முறை. அதைச் செய்யும்வரை இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொண்டே உள்ளே நுழைய வேண்டும். பெருவின் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் 28296 எண் கொண்ட சட்டம் 2004இல் வந்தது. அதன்படி ஸ்பானிய ஆட்சிக்காலப் பேழையை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. சரியான சட்டம், இருக்க வேண்டிய இடத்தில் அவை இருக்கட்டும். இந்தக் கடை அதை மறைப்பதில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்: கோக்கேராவை நான் கையில் எடுத்தவுடனேயே, உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே விற்போம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதன் விலை வெள்ளியின் எடைவிலையைப் போலப் பல மடங்கு. அந்த வேலைப்பாட்டுக்கும் அந்த எடைக் குறிப்புக்கும் அது நியாயமே. எடுத்துச் செல்லத்தக்கவை 20ஆம் நூற்றாண்டுப் பேழைகளும் இக்காலக் கம்பி வேலைப் பெட்டிகளும்தான். அடியில் 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்றும் இந்துஸ்திரியா பெருவானா (பெருவில் செய்தது) என்றும் தெளிவாகக் குத்தப்பட்ட பேழைகள் பழைய வடிவங்களை ஒளிவுமறைவின்றிப் பின்பற்றுகின்றன. சான் ஹெரோனிமோ தெ துனான் ஊரில் செய்த ஒரு சிறு கம்பி வேலைச் சிமிழை 500 சோலுக்குள் (சோல் பெருவின் நாணயம்) வாங்கினேன். கம்பிகள் சேரும் இடங்களில் பற்றாசு வழிந்து நிற்காமல் சுத்தமாக இருக்கிறது, மூடி ஆடாமல் அமர்கிறது.

பராமரிப்பில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும். புடைப்புகளின் பள்ளங்களில் படிந்த கறுப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வேலைப்பாட்டின் ஆழம் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கறுப்பினால்தான், திரவத்தில் முக்கி எடுத்து வெளுக்க வைக்கும் கடைகள் அதைக் கெடுத்துவிடுகின்றன. ஆனால் அலமாரிகளில் விரித்திருக்கும் கம்பளித் துணி வெள்ளிக்கு ஆகாது. கம்பளியிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கறுத்தால் துலக்க வேண்டும். ஒவ்வொரு துலக்கலிலும் சிறிது வெள்ளி போகும். ஏற்கெனவே உச்சி மெலிந்து துளை விழுந்த மூடிக்கு இது தாங்காது. வெளுக்காத பருத்தித் துணியை விரித்தாலே போதும்.

போக விரும்புகிறவர்கள் முதலில் பக்கத்துப் பகுதியான பாரங்கோவில் உள்ள பேத்ரோ தெ ஒஸ்மா அருங்காட்சியகத்தின் வெள்ளிப் பொருள்களைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கண் பழகிவிடும், கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கடையில் கூட்டம் இல்லாத முற்பகல் நேரம் ஏற்றது. வாங்குவது புதிய பொருளாகவே இருந்தாலும், அது பண்பாட்டுச் செல்வம் அல்ல என்ற சான்றிதழைப் பண்பாட்டு அமைச்சகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய பாணிப் பேழையை விமான நிலையத்தில் பார்க்கும் அலுவலருக்கு அதன் வயது பார்த்தவுடன் தெரியாது. சான்றிதழுக்குத் தேவையான ரசீதையும் பொருளின் படங்களையும் கடையிலேயே ஆயத்தம் செய்து தருகிறார்கள். ரசீதில் பொருளின் எடையையும் செய்யப்பட்ட காலத்தையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.